முதல் பஸ்ஸும் கடைசி பஸ்ஸும்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நகரங்களையும் ஒதுங்கிக் கிடக்கும் கிராமங்களையும் இணைக்கும் போக்குவரத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசுமாறு நமது சங்கத்தார் எனக்குக் கட்டளையிட்டார்கள். கல்வி, ஒழுக்கம், ஐக்கியம் முதலிய பெரும்பொருள்களைப் பற்றி அறிஞர் பலர் ஆண்டுதோறும் பேசக் கேட்டிருக்கும் இவ்வவையில், பாதையைப் பற்றியும் பஸ்ஸைப் பற்றியும் பேசுவது சிறுபொருளாகச் சிலருக்குத் தோன்றலாம். ஆயினும், ஒரு பெண் மேல்வகுப்பில் சேர்வதும் சேராது நின்றுவிடுவதும், பிரசவ வேதனையுற்ற தாய் உரிய நேரத்தில் ஆஸ்பத்திரி சேர்வதும் சேராததும், ஒரு குடியானவர் தம் விளைபொருளை விலை பேசி விற்பதும் வந்த விலைக்குத் தள்ளிவிட்டு வருவதும், பற்பல ஊர்களில் இச்சிறுபொருளையே பற்றி நிற்கின்றன. ஆதலின் சற்றே பொறுமையுடன் செவிசாய்க்குமாறு வேண்டுகின்றேன்.

ஓர் ஊருக்குப் போக்குவரத்து வசதி உண்டா என்று கேட்டால், சாலை போட்டாயிற்று என்று விடை சொல்வது நம்மவர் வழக்கம். சாலை அவசியமே. ஆனால் சாலை என்பது வழி, வண்டி அன்று. வண்டி ஓடினாலும், அது எந்நேரத்தில் ஓடுகிறது என்பது அடுத்த கேள்வி. விடியற்காலையில் புறப்பட்டுப் பட்டணம் சென்று, காரியம் முடித்து, அன்றிரவே வீடு திரும்ப இயலுமாயின் அவ்வூர் நகரத்தோடு இணைந்த ஊர். அங்ஙனம் இயலாதாயின், வாயிற்படிவரை தார்ச்சாலை வந்திருந்தாலும் அது ஒதுங்கிய ஊரே. இந்த ஒரு கருத்தையே இன்று உங்கள் முன் வைக்க விழைகின்றேன்.

நம் நாட்டின் போக்குவரத்து வரலாற்றைச் சிறிது நோக்குவோம். தென்னிந்தியாவில் முதல் ரயில் 1856ஆம் ஆண்டு ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிற்று. பெரிய ரயில் கம்பெனிகள் பெரிய பட்டணங்களையே நாடின. அந்நாளில் தஞ்சாவூர் ஜில்லா போர்டார் செய்த காரியம் என்றும் நினைவுகூரத் தக்கது. கம்பெனி வரும் என்று காத்திராமல், குடிகளிடம் ரயிலுக்கென்று தனி வரி வசூலித்து, மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை ஓர் இருப்புப்பாதை அமையச் செய்தார்கள். அது 1894இல் திறக்கப்பெற்றது. பின்னர் அறந்தாங்கி வரை நீண்டது. தங்கள் ஊருக்கு ரயில் வேண்டும் என்று தாங்களே வரி கொடுத்த குடிகள் நம்மிடையே வாழ்ந்தார்கள் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லுதல் வேண்டும்.

அந்தப் பாதையின் பிற்காலக் கதையும் நமக்கு ஒரு பாடம் புகட்டுகின்றது. திருவாரூருக்கும் காரைக்குடிக்கும் இடைப்பட்ட பகுதி அகலப்பாதையாக மாற்றும் வேலைக்காகப் பல ஆண்டுகள் மூடப்பட்டுக் கிடந்து, 2019ஆம் ஆண்டு முழுமையாகத் திறக்கப்பெற்றது. தண்டவாளம் புதிது, பாலங்கள் புதியன, நிலையங்களும் புதியன. ஆனால் லெவல் கிராசிங்குகளில் கேட் காப்பவர்கள் நியமிக்கப்படவில்லை. ரயிலிலேயே உடன் சென்ற ஊழியர் ஒவ்வொரு கேட்டிலும் இறங்கி மூடி, ரயில் கடந்தபின் திறந்துவிட்டு, மறுபடியும் ஏறிக்கொள்ள வேண்டியதாயிற்று. ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவைக் கடக்க ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. கோடிக்கணக்கில் செலவிட்டு அமைத்த பாதையின் பயனைக் கேட் காக்க ஆளில்லாத குறை விழுங்கிவிட்டது. வழி அமைப்பது வேறு, வழியை நடத்துவது வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ரயில் செல்லாத இடங்களுக்கு மோட்டார் பஸ் சென்றது. 1910களின் தொடக்கத்தில் தி. வே. சுந்தரம் ஐயங்கார் போன்றவர்கள் இத்தொழிலில் முன்னோடிகளாக இறங்கினார்கள். இரண்டாம் உலக யுத்தத்தின்போது பெட்ரோல் கிடைப்பது அருமையாகவே, கரியைப் புகைத்து எழும் வாயுவைக் கொண்டு பஸ்களை ஓட்டினார்கள். எரிபொருள் இல்லாத காலத்திலும் பஸ்ஸை நிறுத்தலாகாது என்னும் எண்ணம் அன்று இருந்தது. 1972ஆம் ஆண்டு முதல் பல்லவன், பாண்டியன், சேரன், சோழன் என்னும் பெயர்களுடன் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் தோன்றின. லாபம் தரும் தடத்தின் வருவாயைக் கொண்டு லாபம் தராத தடத்தையும் நடத்தலாம் என்னும் நியாயம் இவ்வேற்பாட்டில் அடங்கியிருந்தது. அதன் பயனாகத் தமிழ்நாட்டுக் கிராமங்கள் பல, வேறு மாநிலங்களில் உள்ளவர்கள் வியக்கும் அளவுக்குப் பஸ் வசதி பெற்றன.

சாலைகளும் பெருகின. 2000ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் தேதி மத்திய அரசு பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தைத் தொடங்கிற்று. சமவெளியில் 500 பேருக்கும், மலைப்பகுதிகளிலும் பழங்குடிப் பகுதிகளிலும் 250 பேருக்கும் குறையாத குடியிருப்புகளுக்கு எல்லாப் பருவத்துக்கும் ஏற்ற சாலை அமைப்பதே அதன் நோக்கம். முதலில் 2001ஆம் ஆண்டின் மக்கட்கணக்கைக் கொண்டு குடியிருப்புகளை வகுத்தார்கள். 2011ஆம் ஆண்டின் கணக்கைக் கொண்டு, விடுபட்ட 25,000 குடியிருப்புகளை இணைப்பதற்கான நான்காம் கட்டத்துக்கு 2024ஆம் ஆண்டு செப்டம்பரில் ஒப்புதல் அளிக்கப்பெற்றது. சாலையில்லாக் குடியிருப்புகள் இன்னும் உள்ளன என்பதை இவ்வெண்ணே காட்டுகின்றது.

அவற்றில் வாழ்வோர் படும் துன்பம் சொல்லுந்தரமன்று. 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் வேலூர் மாவட்டத்து மலைக் குடியிருப்பு ஒன்றில் ஒரு குழந்தையைப் பாம்பு தீண்டிற்று. ஆஸ்பத்திரியை அடையுமுன் அக்குழந்தையின் உயிர் பிரிந்தது. உடலைக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ் மேலே ஏறச் சாலை இல்லாமையால் வழியிலேயே நின்றது. பெற்ற தாய், தன் குழந்தையின் உடலைக் கையில் ஏந்தி மலைப்பாதையில் நடந்தாள். அச்செய்தியைப் பத்திரிகைகளில் படித்து வருந்தாதவர் இலர். 108 ஆம்புலன்ஸ் சேவை தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் தேதி தொடங்கிற்று. அது காப்பாற்றிய உயிர்கள் பல. எனினும் சாலை எங்கே முடிகிறதோ, அங்கே அதன் சக்கரமும் நின்றுவிடுகிறது.

மலைக் கிராமங்களுக்குச் சாலை கேட்கும்போது, வனச்சட்டம் இடந்தராது என்னும் விடையைக் கேட்டு மனந்தளர்ந்து திரும்புவோர் பலர். அவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தில், கிராமத்தாருக்கு இன்றியமையாத வசதிகளுக்காக வனநிலத்தைப் பயன்படுத்த வழி செய்யப்பட்டிருக்கின்றது. அவ்வசதிகளுள் சாலையும் ஒன்று. ஒவ்வொரு காரியத்துக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான நிலம், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டலாகாது, கிராம சபையின் பரிந்துரை வேண்டும் என்பன அதன் நிபந்தனைகள். கிராம சபை தீர்மானம் செய்யாதவரை இவ்வாயில் திறவாது. சட்டம் அறியாமையால் மூடிக்கிடக்கும் கதவுகள் நம் நாட்டில் அநேகம்.

நிற்க. சாலையுள்ள ஊர்களின் நிலையை இனிக் கவனிப்போம்.

நம் கிராமங்களில் 'ஸ்டே பஸ்' என்று ஒன்றைச் சொல்வதை யாவரும் அறிவீர்கள். இரவு ஒன்பது மணிக்கோ பத்து மணிக்கோ பட்டணத்திலிருந்து புறப்பட்டு ஊர் வந்து சேர்ந்து, டிரைவரும் கண்டக்டரும் இரவு ஊரிலேயே தங்கி, விடியற்காலை ஐந்து மணியளவில் மீண்டும் புறப்படும் பஸ் அது. கடைசி பஸ்ஸும் அதுவே. முதல் பஸ்ஸும் அதுவே. ஓர் ஊரின் வாழ்வை அந்த ஒரு பஸ் எவ்வளவு தாங்குகிறது என்பதை எண்ணிப் பாருங்கள். பூக்காரப் பெண்கள் கூடையுடன் அதில் ஏறுகிறார்கள். கட்டட வேலைக்குச் செல்வோர் தூக்குப் போகணியுடன் ஏறுகிறார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் காலையில் சீட்டு வாங்கி வரிசையில் நிற்க வேண்டிய முதியவர் ஏறுகிறார். மாலை நேர வகுப்போ வேலையோ முடித்த பெண்கள் இரவில் அச்சமின்றி வீடு சேர்வதும் அதனாலேயே. பகலில் நான்கு பஸ் ஓடும் ஊரைவிட, இந்த ஒரு பஸ் தவறாமல் ஓடும் ஊர் நகரத்துக்கு அருகில் இருக்கின்றது என்று துணிந்து கூறுவேன்.

நேரமும் வண்டியும் பொருந்தினால் விளையும் நன்மைக்கு உழவர் சந்தையை எடுத்துக்காட்டாகக் கூறலாம். முதல் உழவர் சந்தை 1999ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் தேதி மதுரையில் திறக்கப்பெற்றது. கடை மட்டும் கட்டிக் கொடுத்திருந்தால் அது தரகர் கடையாகவே முடிந்திருக்கும். அதிகாலையில் காய்கறி மூட்டைகளுடன் உழவர்கள் வந்துசேரப் பஸ் வசதி செய்யப்பட்டது. மூட்டைக்குச் சுமைக்கூலி வாங்காமல் ஏற்றிவர இடமளிக்கப்பட்டது. ஆகவே, தோட்டத்தில் பறித்தவரே சந்தையில் தராசைப் பிடிக்க முடிந்தது. இதில் சந்தைக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அவ்வளவு பங்கு அதிகாலை பஸ்ஸுக்கும் உண்டு.

இவ்வளவு நன்மை தரும் பஸ்கள் ஏன் குறைகின்றன? பஸ் ஓடும் ஒவ்வொரு தடத்துக்கும் கிலோமீட்டருக்கு இவ்வளவு வசூல் என்னும் கணக்கு டிப்போவில் உண்டு. வசூல் குறைந்த தடத்தில் முதலில் ஒரு நடை குறைகிறது. நடை குறைந்ததும் பிரயாணிகள் பஸ்ஸை நம்பிக் காத்திராமல் வேறு வழி தேடுகிறார்கள். அதனால் வசூல் மேலும் குறைகிறது. மறுபடியும் ஒரு நடை குறைகிறது. டிரைவர் கண்டக்டர் பற்றாக்குறை நேரும்போதும் முதலில் நிறுத்தப்படுவது கோடியில் உள்ள கிராமத்தின் பஸ்ஸே. இதில் அதிகாரிகளை மட்டும் குறைகூறிப் பயனில்லை. வீட்டுக்கு வீடு மோட்டார் சைக்கிள் வந்துவிட்டது. கையில் பணமும் வாயில் பேச்சும் உள்ளவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டார்கள். பஸ்ஸை நம்பி எஞ்சி நிற்பவர்கள் யாவர்? வண்டி ஓட்டத் தெரியாத முதியவர், வண்டி வாங்க வழியில்லாத கூலிக்காரர், தனியே வண்டியில் அனுப்ப வீட்டார் அஞ்சும் பெண்பிள்ளைகள், பள்ளிச் சிறுவர்கள். பஸ் நின்றால் துன்புறுவோர் இவர்கள். ஆனால் அலுவலகத்தின் படியேறிக் கேட்கும் வன்மை இவர்களுக்கு இல்லை. கேட்கும் வன்மை உள்ளவர்களுக்கோ பஸ் தேவையில்லை. நமது விவகாரத்தின் உயிர்நாடி இதுவே. பேசக்கூடியவர்கள், பேச இயலாதவர்களுக்காகப் பேசவேண்டும். ஒரு சங்கம் என்று நாம் கூடியிருப்பதற்கு இதைவிடச் சிறந்த காரணம் வேறு என்ன இருக்க முடியும்?

அரசாங்கத்தார் ஒன்றும் செய்யவில்லை என்றும் சொல்வதற்கில்லை. பெரிய பஸ் செல்லாத ஊர்களுக்காக 1997ஆம் ஆண்டு மினி பஸ் திட்டம் வந்தது. 2025ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் புதிய மினி பஸ் திட்டம் தஞ்சாவூரில் தொடங்கி வைக்கப்பெற்றது. தடத்தின் பெரும்பகுதி இதுவரை பஸ் காணாத இடங்களின் வழியாக இருத்தல் வேண்டும் என்பது அத்திட்டத்தின் விதி. 2001-02ஆம் ஆண்டு முதல் மேல்நிலை வகுப்பில் பயிலும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கு விலையில்லாச் சைக்கிள் வழங்கப்பெற்றது. பின்னர் அது ஏனைய மாணவ மாணவியருக்கும் விரிந்தது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தார் கிராமப் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்பித்தார்கள். கல்குவாரியில் உழைத்த பெண்களும் சைக்கிள் ஏறிய காட்சியை நாடே வியந்து நோக்கிற்று. 2021ஆம் ஆண்டு மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் பெண்கள் கட்டணமின்றிச் செல்லும் ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. இவையெல்லாம் போற்றத்தக்கனவே. ஆயினும், பஸ்ஸே வாராத ஊரில் இலவசப் பயணத்தால் என்ன பயன்? இலவசத்தின் பயன் முழுவதும் கிட்டவேண்டுமானால் பஸ் வரவேண்டும், நேரத்தில் வரவேண்டும்.

இனி, சாதிச் சங்கத்தின் மேடையில் நின்று சொல்லவேண்டிய ஒரு செய்தியை மறைக்காமல் சொல்ல விரும்புகிறேன். பஸ் என்பது எல்லோரும் ஒரே பலகையில் அமரும் இடம். அதனாலேயே பஸ்ஸை எதிர்த்தவர்கள் ஒரு காலத்தில் இருந்தார்கள். ஆதிதிராவிடர்களை ஏற்றுவதில்லை என்று மறுத்த பஸ் முதலாளிகள் இருந்தார்கள். 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் ராமநாதபுரம் ஜில்லா போர்டின் தலைவராக இருந்த ஊ. பு. அ. சௌந்தரபாண்டியனார், அங்ஙனம் மறுக்கும் பஸ்ஸின் லைசென்ஸை ரத்து செய்வதாகக் கட்டளையிட்டார். தம் சமூகத்துக்காக உழைத்த அப்பெரியார், தம் சமூகத்தோடு நின்றுவிடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

1997ஆம் ஆண்டு நிகழ்ந்ததையும் மறக்கலாகாது. விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் சூட்டப்பெற்றது. அப்பெயர் தாங்கிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று எழுந்த எதிர்ப்பு கலவரமாக மூண்டு உயிர்களைக் கொண்டது. முடிவில், கழகங்களுக்கும் மாவட்டங்களுக்கும் இருந்த தலைவர்களின் பெயர்கள் அனைத்தையும் அரசாங்கம் நீக்கிவிட்டது. பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருந்த ஒரு பெயருக்காகப் பஸ்ஸையே வேண்டாம் என்றவர்கள், தம் வீட்டுப் பெண்களின் படிப்பையும் தம் வீட்டு நோயாளிகளின் வைத்தியத்தையும் அத்துடன் சேர்த்து வேண்டாம் என்றவர்கள் ஆனார்கள். இன்றும், பஸ் எந்தத் தெருவோடு நிற்கவேண்டும், எந்தக் காலனிவரை போகலாகாது என்னும் வழக்குகள் நம் ஊர்களில் முளைக்கக் காண்கிறோம். பஸ் ஊரின் கடைசி வீடு வரை போகட்டும். அங்கிருந்து ஏறுபவர் கொடுக்கும் காசும் சேர்ந்தால்தான் தடத்தின் வசூல் நிற்கும். வசூல் நின்றால்தான் நம் தெருவுக்கும் பஸ் வரும். நீதியைக் கருதினாலும் சரி, கணக்கைக் கருதினாலும் சரி, முடிவு ஒன்றே.

இனி நாம் செய்யத்தக்கவற்றைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கின்றேன்.

முதலாவது, ஒவ்வொரு கிளைச் சங்கமும் தன் ஊர்ப் பட்டியலை எடுத்துக்கொண்டு, ஒவ்வோர் ஊருக்கும் முதல் பஸ் எத்தனை மணிக்கு, கடைசி பஸ் எத்தனை மணிக்கு, பஸ் நிற்குமிடம் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம், பள்ளி மணிக்கும் பஸ் நேரத்துக்கும் பொருத்தம் உண்டா என்று எழுதிவைத்தல் வேண்டும். நம்மவர் வீடுகளை மட்டும் எண்ணாமல் ஊர் முழுவதையும் எண்ணுதல் வேண்டும். 'பஸ் வசதி இல்லை' என்று பொதுப்பட எழுதும் விண்ணப்பத்தைவிட, 'மேல்நிலைப் பள்ளி நாலரை மணிக்கு விடுகிறது. பஸ் நாலு மணிக்கே போய்விடுகிறது. இத்தனை மாணவிகள் இவ்வளவு தூரம் நடக்கிறார்கள்' என்று கணக்கோடு எழுதும் விண்ணப்பம் அதிகாரியின் மனத்தைத் தொடும். பல இடங்களில் புதிய பஸ்ஸே வேண்டுவதில்லை. அரைமணி நேரம் மாற்றினாலே போதும். அதற்குச் செலவு ஒரு காசும் இல்லை.

இரண்டாவது, அக்கணக்கைக் கிராம சபையில் வைத்துத் தீர்மானமாக்குதல் வேண்டும். ஆண்டில் நான்கு முறை கூடிவந்த கிராம சபை ஆறு முறை கூடும் என 2022இல் அறிவிக்கப்பெற்றது. தீர்மானத்தின் நகலை டிப்போவின் கிளை மேலாளருக்கும், வட்டாரப் போக்குவரத்து அலுவலருக்கும், மாவட்ட ஆட்சித் தலைவருக்கும் அனுப்பி, விடை வரும்வரை விடாது கேட்டல் வேண்டும்.

மூன்றாவது, ஸ்டே பஸ் கேட்கும் ஊரார், இரவு தங்கும் ஊழியர்களுக்குத் தாழ்ப்பாள் உள்ள ஓர் அறையும், விளக்கும், தண்ணீரும், கழிப்பிடமும் அமைத்துக் கொடுத்தல் வேண்டும். நாள் முழுதும் வண்டி ஓட்டிய மனிதன் கொசுக்கடியில் பஸ்ஸின் பலகை மீது படுத்துவிட்டு விடியலில் மறுபடியும் ஓட்டினால், அது அவனுக்கும் நன்றன்று. அவனை நம்பி ஏறும் நமக்கும் நன்றன்று. திருமண மண்டபம் கட்டும் ஆற்றல் பெற்ற நமக்கு ஓர் அறை கட்டுவது அரிதா?

நான்காவது, வந்த பஸ்ஸில் நாமும் ஏறுதல் வேண்டும். வாரத்தில் ஒரு நாளேனும் மோட்டார் சைக்கிளை வீட்டில் நிறுத்திவிட்டுப் பஸ்ஸில் செல்லுங்கள். அதனால் தடத்தின் வசூல் உயரும் என்பது ஒன்று. பஸ்ஸில் செல்பவர் படும் பாடு பேசக்கூடியவர்களுக்குத் தெரியவரும் என்பது மற்றொன்று.

சகோதரர்களே! தஞ்சைக் குடிகள் நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு முன்பு தங்கள் ரயிலுக்காக வரி கொடுத்தார்கள். நம்மிடம் இன்று வேண்டப்படுவது அவ்வளவு பெரிய தியாகமன்று. ஒரு காகிதக் கணக்கு, ஒரு தீர்மானம், ஓர் அறை, வாரம் ஒரு டிக்கெட். ஊர் கூடித்தான் தேரை இழுக்கவேண்டும் என்பார்கள். தேர் ஆண்டுக்கு ஒருமுறை வருவது. இதுவோ நாள்தோறும் விடியலில் வரவேண்டிய தேர். அடுத்த ஆண்டுக் கூட்டத்துக்கு நாம் கூடும்போது, இந்தத் தடத்தில் இந்த ஊருக்கு விடியற்காலை பஸ் வந்தது என்று கிளைச் சங்கத்தார் ஒவ்வொருவரும் எழுந்து சொல்வாராயின், அதுவே இக்கூட்டத்தின் பயனாகும்.